விழுந்தால் தூக்க முடிகிற வண்டி: முதல் டூயல் ஸ்போர்ட் பைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நான் முதன்முதலாக மண் பாதையில் விழுந்தபோது வண்டி ஓடவே இல்லை. ஒரு சின்ன ஏற்றத்தில் நிறுத்தியிருந்தேன். வழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். இடது காலை ஊன்றப் போனால், அந்தப் பக்கம் தரை நான்கு விரற்கடை பள்ளமாக இருந்தது. அவ்வளவுதான். சாயத் தொடங்கிய வண்டியை ஒரு கணம் தாங்கிப் பார்த்தேன். அப்புறம் அது மெதுவாகப் படுத்துக்கொண்டது, நானும் கூடவே. அடி ஒன்றும் இல்லை. ஆனால் 200 கிலோ எடையுள்ள அந்த வண்டியைத் தனியாக நிமிர்த்த முடியாமல், யாராவது வருவார்களா என்று அரை மணி நேரம் பாதையோரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை சிசி, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். இந்த வகை வண்டிக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இது எப்படியும் விழும். விழுந்தால் நான் ஒரே ஆளாகத் தூக்குவேனா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எடை, இருக்கை உயரம், எஞ்சின், விலை எல்லாமே வேறு வரிசையில் தெரியும்.

சரி, டூயல் ஸ்போர்ட் என்றால் என்ன? தார்ச் சாலையில் சட்டப்படி ஓட்டக்கூடிய மண் பாதை வண்டி. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும். ஆனால் எலும்புக்கூடு மண் பாதைக்கானது: உயரமான சஸ்பென்ஷன், மெல்லிய உடல், முன்னால் பெரிய சக்கரம், ஆரக்கம்பி போட்ட ரிம். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, தார் முடிகிற இடத்தில் நிற்காமல் மேலே போகலாம். இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது 1968இல் வந்த யமஹா டிடி-1. 250 சிசி வகுப்பைச் சேர்ந்த டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அதற்கு முன்பு மண்ணில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் கனமான சாலை வண்டிகளைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1972இல் ஹோண்டா எக்ஸ்எல் 250 ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்தது. இன்றைக்குக் கடையில் நிற்கும் சிக்கன டூயல் ஸ்போர்ட்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்: ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், அலட்டிக்கொள்ளாத எஞ்சின்.

பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் மற்ற வகைகளோடு இதைக் குழப்பிக்கொள்வது சுலபம். வெறும் டர்ட் பைக்கில் விளக்கும் இல்லை, பதிவும் கிடையாது. சாலையில் ஓட்ட முடியாது. அட்வென்ச்சர் பைக் என்பது பெட்டி கட்டி, காற்றுத் தடுப்பு வைத்து, நீண்ட தூரம் போவதற்கான கனமான வண்டி. மண் பாதையைச் சமாளிக்கும், விரும்பாது. ஸ்க்ராம்ப்ளர் என்ற பெயரில் விற்கும் பலவும் முள் டயர் போட்ட சாலை வண்டிகளே. சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம், எத்தனை மில்லிமீட்டர் என்று விவரத் தாளில் பாருங்கள். 190, 200, 250 என்று இருந்தால் அது மண்ணை மனதில் வைத்துச் செய்த வண்டி. 120, 130 என்றால் தோற்றம் மட்டும்தான் மண் பாதைக்கு.

எடை

சில எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். யமஹா டிடபிள்யூ 200 சுமார் 126 கிலோ. அதே நிறுவனத்தின் எக்ஸ்டி 250 சுமார் 132. ஹோண்டா சிஆர்எஃப் 300எல் 142. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அதைவிடப் பதினைந்து கிலோ போல அதிகம். சுஸுகி டிஆர் 650 சுமார் 166. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் பழைய 411 சிசி வண்டி 199. கவாஸாகி கேஎல்ஆர் 650 அதையும் தாண்டும். எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இரண்டு வகைப் பாதைக்கும் ஆனவை என்றுதான் விற்கப்படுகின்றன. ஆனால் 130 கிலோவும் 200 கிலோவும் சேற்றில் ஒன்றல்ல.

தார்ச் சாலையில் எடை அவ்வளவாகத் தெரியாது. ஓடும்போது சக்கரங்கள் தாமாகவே வண்டியை நிமிர்த்தி வைக்கின்றன. மண் பாதையில் பாதி நேரம் நடக்கிற வேகத்தில்தான் போவீர்கள். அந்த வேகத்தில் வண்டியைத் தாங்குவது உங்கள் தொடை, இடுப்பு, கை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு களைப்பு வரும், களைத்தவன் விழுவான், விழுந்து தூக்கியவன் இன்னும் களைப்பான். அந்தச் சுழல் கனமான வண்டியில் சீக்கிரம் தொடங்கும்.

தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே இடப்பக்கமுள்ள சைட் ஸ்டாண்டை இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். வண்டி உருளாமல் இருக்க கியரில் போடுங்கள். அப்புறம் இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில்பார் நுனியில், இன்னொரு கை பின்பக்க ஃப்ரேமில். இடுப்பை இருக்கையில் அழுத்திக்கொண்டு, முதுகை வளைக்காமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். வேலையைக் கால்கள் செய்ய வேண்டும். சரிவில் விழுந்து சக்கரங்கள் மேட்டுப் பக்கம் இருந்தால் அப்படியே தூக்க முயலாதீர்கள். படுத்த வாக்கிலேயே வண்டியை இழுத்துச் சுழற்றி, சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வரும்படி திருப்பிவிட்டுத் தூக்கினால் பாதி உழைப்பு போதும். பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? பயப்பட வேண்டாம். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் உண்டு. சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

வாங்கும் முன்பே இதைச் செய்து பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கடைக்காரர் புது வண்டியைத் தரையில் படுக்க வைக்க விடமாட்டார்தான். தெரிந்தவர் வண்டியைப் புல்தரையில் பழைய மெத்தை விரித்துப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஒருமுறை தூக்கினால் போதாது. மூன்று முறை. மூன்றாவது முறை எப்படி இருந்தது என்பதுதான் கணக்கு.

உயரம்

அடுத்து எல்லோரையும் மிரட்டுவது இருக்கை உயரம். சிஆர்எஃப் 300எல்லின் இருக்கை 880 மி.மீ. சுஸுகி டிஆர்-இசட் 400எஸ் 935. தாளில் இந்த எண்ணைப் பார்த்தே பலர் ஓடிவிடுகிறார்கள். அந்த எண் முழு உண்மையைச் சொல்வதில்லை.

நீளமான சஸ்பென்ஷன் உங்கள் எடையில் அமுங்கும். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருப்பதே சரியான அமைப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மென்மையான ஸ்ப்ரிங் உள்ள உயரமான வண்டி, நீங்கள் ஏறியதும் சில சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். இரண்டாவது, இருக்கையின் அகலம். மெல்லிய இருக்கையில் கால்கள் நேராகக் கீழே இறங்கும். அகலமான இருக்கை தொடையை விரித்து, இருக்கிற காலின் நீளத்தையும் தின்றுவிடும். 800 மி.மீ. அகல இருக்கையும் 850 மி.மீ. மெல்லிய இருக்கையும் சில சமயம் ஒரே மாதிரி இருப்பது இதனால்தான். எனவே ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஓட்டும்போது போடப்போகிற பூட்ஸோடு உட்காருங்கள், அதன் அடித்தட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தரும்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஒரு பாதத்தின் முன்பாதி நன்றாக ஊன்றி, இடுப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி நிற்கப் பழகினால் போதும். நான் அன்று விழுந்ததற்கு உயரம் பாதிதான் காரணம்; எங்கே காலை ஊன்றப் போகிறேன் என்று பார்க்காமல் நிறுத்தியது மீதிப் பாதி. ஆனாலும் முதல் வண்டி என்னும்போது தரை எட்டுகிறது என்ற தைரியம் பெரிய விஷயம். இருக்கை 790 மி.மீ. மட்டுமே உள்ள டிடபிள்யூ 200 இன்றும் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது அதனால்தான். பின்சக்கரம் 14 அங்குலம், டயர் 180 மி.மீ. அகலம், பார்க்க பொம்மை வண்டி போல இருக்கும். மணலில் அந்தப் பொம்மை சிரித்துக்கொண்டே போகும். எக்ஸ்பல்ஸ் 200 இடைப்பட்டது, 820 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும்.

பின் சஸ்பென்ஷனில் தாழ்த்தும் லிங்க் என்ற இணைப்புத் துண்டைப் போட்டு உயரத்தைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். குறைக்கலாம். குறைத்தால் தரை இடைவெளியும் போகும், சைட் ஸ்டாண்டை வெட்டவும் வேண்டிவரும், முன்பக்கத்தையும் அதே அளவு இறக்காவிட்டால் திருப்பம் சோம்பலாகும். முதலில் இருக்கையின் நுரையைச் செதுக்கிப் பாருங்கள். மலிவான வழி அதுதான். உட்காரும் இடம் கெட்டியாகிவிடும் என்பது உண்மை. மண் பாதையில் எப்படியும் பாதி நேரம் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றுதான் ஓட்டுவீர்கள்.

எஞ்சின், அதில் உள்ள கண்ணி

200 முதல் 300 சிசி வரை. முதல் வண்டிக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் முடிவு. சக்தி குறைவான எஞ்சின் உங்கள் தவறுகளை மன்னிக்கும். சரளையில் மேட்டைத் தாண்டும்போது கை உதறி ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் திரும்பிவிட்டது என்று வையுங்கள். 20 குதிரைத்திறன் வண்டி ஒரு உறுமு உறுமும். 50 குதிரைத்திறன் வண்டியில் பின்சக்கரம் உங்களை முந்திக்கொண்டு பக்கவாட்டில் வந்துவிடும்.

இதற்குக் கொடுக்கிற விலை என்ன? நெடுஞ்சாலையில் தெரியும். 200 சிசி வண்டியில் வேகமான சாலையில் லாரிகளை முந்துவதற்கு யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். எதிர்காற்று அடித்தால் இன்னும் மோசம். உங்கள் பயணத்தில் முக்கால்வாசி நெடுஞ்சாலை என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு கொஞ்சம் கனமான வண்டிக்குப் போவதே நேர்மை. வாரத்துக்கு நான்கு நாள் ஊருக்குள், ஒரு நாள் காட்டுப் பாதை என்றால் சின்ன எஞ்சின் போதும். மெதுவான ஏறுபாதையில் எஞ்சின் திணறினால் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றலாம். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லைக் கூட்டுவதற்குச் சமம். செலவும் சொற்பம், வண்டியின் குணமே மாறிவிடும்.

கண்ணி எங்கே என்றால், நம்பர் பிளேட் மாட்டிய பந்தய வண்டிகள். காற்றுபோல எடை, ஆசையைக் கிளப்பும் சஸ்பென்ஷன், செகண்ட் ஹேண்டில் சில சமயம் நம்ப முடியாத விலை. அவற்றின் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள்: கிலோமீட்டர் இருக்காது, மணி நேரம்தான் இருக்கும். பத்து, பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில், இத்தனை மணி நேரத்தில் வால்வு, இத்தனையில் பிஸ்டன். இரண்டு வார இறுதி ஓட்டினாலே ஆயில் மாற்றும் நாள் வந்துவிடும். சாதாரண டூயல் ஸ்போர்ட்டில் அதே வேலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறைதான். சிக்கனம் என்று நினைத்து வாங்கி, மெக்கானிக் ஷெட்டில் பாதி வருஷம் நிறுத்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

காற்றில் குளிரும் எஞ்சினா, ரேடியேட்டர் உள்ளதா? வெயிலில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டர் நல்லது. விழும்போது அதுவும் உடையக்கூடிய ஒரு பொருள். காப்புக் கம்பி போட்டுவிடுங்கள். கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை, இன்ஜெக்‌ஷன். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கார்புரேட்டர் வண்டியின் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதைப் பொழுதுபோக்காக நினைப்பவர்கள் மட்டும் மாறாகத் தேர்ந்தெடுக்கலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால், பின்சக்கரத்துக்கு அதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். உருளும் ஜல்லியில் இறங்கும்போது பின்சக்கரத்தைக் கொஞ்சம் இழுபட விட வேண்டியிருக்கும். ஏபிஎஸ் அதை விடாது.

சக்கரமும் டயரும்

முன்சக்கரம் ஏன் 21 அங்குலம்? ஒரு செங்கல்லைத் தரையில் வைத்து, அதன் மேல் சின்னத் தட்டையும் பெரிய தாம்பாளத்தையும் உருட்டிப் பாருங்கள். சின்னது முட்டி நிற்கும். பெரியது செங்கல்லைத் தாழ்ந்த கோணத்தில் தொடுவதால் ஏறிப் போய்விடும். கல், வேர், பள்ளத்தின் விளிம்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். மெல்லிய டயர் தளர்ந்த மேல்மண்ணை வெட்டிக் கீழே கெட்டியான தரையைத் தேடும். சாலையில் இதற்குக் கொடுக்கிற விலை, திருப்பத்தில் கொஞ்சம் மந்தம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நீளமானது என்பதால் பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்திக் குனியும். முதல் நாள் அது பயமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

டயர்களைப் பாதிக்குப் பாதி, எண்பதுக்கு இருபது என்று பிரித்துச் சொல்வார்கள். சாலை எவ்வளவு, மண் எவ்வளவு என்ற கணக்கு. புதியவர்கள் கட்டை கட்டையாக முள் வைத்த டயரைத்தான் விரும்புவார்கள், பார்க்க கம்பீரம். ஈரத் தார்ச் சாலையில் அந்தக் கட்டைகள் தரையைத் தொடும் பரப்பு குறைவு, தேய்வதும் சீக்கிரம். வண்டியோடு வந்த டயர் தேயும்வரை ஓட்டுங்கள். அதற்குள் நீங்கள் உண்மையில் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மண்ணில் இறங்குமுன் காற்றைக் கொஞ்சம் குறைப்பது பழக்கம். சாலையில் 28, 30 பிஎஸ்ஐ வைப்பவர் 20 அளவுக்கு இறக்குவார். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் டியூப் டயர்தான். ஆகவே டயர் லீவர், பம்ப், மாற்று டியூப் மூன்றும் பையில் இருக்கட்டும். ஒரே ஒரு டியூப் எடுத்துப்போக இடம் இருந்தால் 21 அங்குல முன்டியூப்பை எடுங்கள். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின்சக்கரத்தில் மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம். 18ஐ 21இல் போட முடியாது.

பணத்தைப் பிரிப்பது

கையில் இருக்கிற மொத்தத்தையும் வண்டிக்கே போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஐந்தில் ஒரு பங்கையாவது முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உயரமான பூட்ஸ். மெதுவான விழுகையில் தலைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். கால் வண்டிக்கு அடியில் மாட்டுவது அடிக்கடி நடக்கும். சாதாரண ஷூ அங்கே ஒன்றும் செய்யாது.

அந்த ஐந்தில் ஒரு பங்கு வெட்டியதால் புது வண்டிக்குப் பணம் போதவில்லையா? செகண்ட் ஹேண்டுக்குப் போங்கள். டூயல் ஸ்போர்ட்டைப் பழையதாக வாங்குவதில் எனக்கு ஒரு தனி விருப்பமே உண்டு. முதல் கீறலை வேறு யாரோ போட்டிருப்பார். இரண்டாவது கீறலுக்கு உங்கள் மனம் வலிக்காது.

பார்க்கப் போகிறேன் என்று சொல்லும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். வளைந்த லீவர், தேய்ந்த ஹேண்டில் நுனி, அடிபட்ட அடித்தகடு இதெல்லாம் குற்றம் இல்லை, அந்த வண்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. தகட்டுக்குப் பின்னால் எஞ்சின் உறையில் பசை பூசி அடைத்த தடம் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, அதற்கு உட்பக்கம், எஞ்சினுக்குப் போகும் குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் நைஸான தூசி ஒட்டினால் அந்தத் தூசி பிஸ்டன் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால், ஓடோமீட்டரைவிட அந்த விரல் நம்பகமானது.

ஆரக்கம்பிகளை ஒரு ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது டிங் என்னும், தளர்ந்தது டொக் என்னும். ஒன்றிரண்டு டொக் பரவாயில்லை, வரிசையாக வந்தால் விலை பேசலாம். முன்சக்கரம் தரையை விட்டு எழும்படி யாரையாவது பின்னால் அழுத்தச் சொல்லி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கட் என்று ஒரு தளர்ச்சி கைக்குத் தெரிந்தால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. அப்படியே ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு குழியில் விழுவதுபோல் நின்றாலும் அதே கதை. ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்த வளையம் இருக்கிறதா, பின்சக்கரத்தை இடம் வலமாக அசைத்தால் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆடுகிறதா, இரண்டையும் பார்த்துவிடுங்கள். கடைசியாக ஓடோமீட்டரையும் ஃபுட்ரெஸ்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், ஆனால் ஃபுட்ரெஸ்ட்டின் பற்கள் மழுங்கி, பூட்ஸ் உரசி ஃப்ரேமில் பெயிண்ட் போய் உலோகம் மின்னுகிறது என்றால், மீட்டர் மாற்றப்பட்டிருக்கிறது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. கிளட்ச், பிரேக் லீவர்களை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஓட்டும்போது நகரக் கூடாது, ஓங்கி ஒரு அடி விழுந்தால் சுழல வேண்டும், அந்த அளவு. இறுக்கமாக இருந்தால் தரையில் மோதும்போது லீவர் முறியும். தளர்வாக இருந்தால் சுற்றிக்கொண்டு தப்பிக்கும், கையால் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு ஓட்டலாம். இருந்தாலும் ஒரு மாற்று கிளட்ச் லீவரை வாங்கி, டியூபோடு சேர்த்துப் பையில் போட்டு வையுங்கள்.